வீட்டு நன்னீர் மீன்தொட்டியில் ஒட்டுண்ணி நீக்கம் (மீஞ்சூர் – பழவேற்காடு வட்டாரம்)

வீட்டு மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் நன்னீர் வண்ணமீன்களின் தோல், செவுள், துடுப்பு, குடல் ஆகியவற்றில் வாழ்ந்து அவற்றை நலிவடையச் செய்யும் உயிரினங்களை அடையாளம் கண்டு அகற்றும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு ஆகிய ஊர்களைக் கொண்ட வட்டாரம் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. இந்தியாவின் பெரிய வண்ணமீன் சந்தைகளுள் ஒன்றான சென்னை கொளத்தூர் இவ்வட்டாரத்துக்கு அருகில் உள்ளது. வண்ணமீன் பெருக்கும் பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி வரை பரவியுள்ளன. மற்றொன்று நீர். மீஞ்சூரின் நிலத்தடி நீரில் உப்பு ஏறியுள்ளதால், நூல்களில் தரப்படும் மருந்தளவுகளை இங்கே அப்படியே பயன்படுத்த இயலாது.

கடையில் வாங்கிய மருந்துப் புட்டியை அதன் மீது அச்சிட்ட அளவுப்படி ஊற்றிய பின்னும் மீன்கள் இறப்பது பரவலான அனுபவம். பெரும்பாலும் இதற்குக் காரணம் மருந்தின் தரம் அன்று. நோயைத் தவறாக அடையாளம் காண்பது, தொட்டி நீரின் கொள்ளளவைத் தவறாகக் கணக்கிடுவது, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி முடியும் முன்பே மருந்தை நிறுத்திவிடுவது ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும்.

ஒட்டுண்ணிகள் வரும் வழிகள்

தொட்டியில் ஒட்டுண்ணி தானாகத் தோன்றுவதில்லை. புதிய மீன், செடி, நத்தை, உயிர்த்தீவனம், ஈரம் காயாத வலை ஆகியவற்றுள் ஏதோ ஒன்றன் வழியாகவே அது உள்ளே வருகிறது. கடைகளில் ஒரே நீர் பல தொட்டிகளுக்குச் சுற்றி வருவதும், ஒரே வலையால் எல்லாத் தொட்டிகளிலும் மீன் பிடிப்பதும் வழக்கமாதலால், நலமாகத் தெரியும் மீனும் ஒட்டுண்ணியைச் சுமந்து வரக்கூடும்.

உயிர்த்தீவனம் இவ்வட்டாரத்தில் தனிக் கவனம் பெற வேண்டியது. குட்டைகளிலும் வாய்க்கால்களிலும் வலைவிட்டு எடுக்கப்படும் நீர்த்தெள்ளு, கொசுப்புழு ஆகியவற்றோடு சைக்கிளாப்ஸ் போன்ற துடுப்புக்காலிகளும் வந்துவிடுகின்றன. இவை சில குடற்புழுக்களுக்கு இடைநிலை ஓம்புயிரிகள். சாக்கடைகளில் எடுக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும் மிக்சோபோலஸ் போன்ற ஒட்டுண்ணிகளைக் கடத்துகின்றன. மீன் வாழாத சிமெண்டுத் தொட்டியில் தனியே வளர்த்த நீர்த்தெள்ளு இந்த வகையில் பெரிதும் பாதுகாப்பானது.

நத்தை வழியாக வரும் தட்டைப்புழு இளரிகள் மீனின் தோலில் கருநிறமாகவோ மஞ்சளாகவோ புள்ளிகளை உண்டாக்கும். இவற்றின் வாழ்க்கைச் சுழற்சி நிறைவுற நத்தை, மீன், கொக்கு அல்லது நாரை என மூன்று உயிர்கள் வேண்டும். வீட்டுத் தொட்டிக்குக் கொக்கு வருவதில்லை. ஆகவே இப்புள்ளிகள் மீனுக்கு மீன் பரவுவதில்லை. மருந்தும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வெண்புள்ளி நோய் என்று எண்ணி இதற்கு மருந்து ஊற்றுவது வீண்செலவு.

வட்டார நீரும் மருந்தின் அளவும்

சென்னையின் குடிநீர்த் தேவைக்காக ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையில் அமைக்கப்பட்ட கிணற்றுப் புலங்களுள் மீஞ்சூரும் ஒன்று. பல ஆண்டுகள் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதன் விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி ஊடுருவியது; பல கிணறுகள் உவர்ந்தன. 2010இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மீஞ்சூர் நிலையம் என்றே அது அழைக்கப்படுகிறது. இதனால் ஒரே தெருவிலேயே மீன் வளர்ப்பவர் ஒருவர் உவர்ந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரையும், இன்னொருவர் குளோரின் கலந்த குழாய் நீரையும், மூன்றாமவர் உப்பு முழுவதும் நீக்கப்பட்ட கேன் தண்ணீரையும் பயன்படுத்தும் நிலை உள்ளது. மூன்று நீரிலும் ஒரே மருந்து மூன்று விதமாக வேலை செய்யும்.

மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட்டு இதற்கு நல்ல சான்று. காரத்தன்மை மிகுந்த நீரில் தாமிரம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடுவதால் மருந்தின் வீரியம் குறைகிறது. காரத்தன்மை குறைந்த நீரில் அதே அளவு மீனையே கொன்றுவிடும். மீன்வளத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: நீரின் மொத்தக் காரத்தன்மையை, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என அளந்து, அதை 100ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்ணே ஒரு லிட்டருக்கு இடவேண்டிய தாமிர சல்பேட்டின் மில்லிகிராம் அளவு. காரத்தன்மை 50க்குக் கீழ் இருந்தால் தாமிரத்தைத் தொடவே கூடாது. கேன் தண்ணீர் பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். அளந்து பார்க்கும் கருவியோ சோதனைப் பெட்டியோ இல்லாதவர் தாமிரத்தைக் கைவிடுவதே நல்லது. இறால், நத்தை உள்ள தொட்டிக்கு அது எந்த அளவிலும் ஆகாது.

உப்பு இடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கரைந்த திடப்பொருள் ஏற்கெனவே லிட்டருக்கு 1,500 அல்லது 2,000 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரில், நூலில் சொன்னபடி முழு அளவு உப்பையும் சேர்த்தால் டெட்ரா, கோரிடோரஸ் போன்ற மென்னீர் மீன்கள் தாங்குவதில்லை. மாலி, கப்பி, பிளாட்டி ஆகியவை தாங்கிக்கொள்ளும். எனினும் கரைந்த திடப்பொருள் முழுவதும் சோற்றுப்பாகிய சோடியம் குளோரைடு அன்று. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட்டும் அதில் அடங்கும். ஆகவே நீர் உவர்ப்பாக இருக்கிறது என்பதற்காக ஒட்டுண்ணி வராது என்று நம்பியிருக்கவும் முடியாது.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். மேலே விடப்படும் இடைவெளி, கூழாங்கல், அலங்காரப் பொருள்கள் ஆகியவற்றைக் கழித்தால் 45 முதல் 50 லிட்டரே மிஞ்சும். மருந்து இந்த 45 – 50 லிட்டருக்கே இடப்பட வேண்டும். தொட்டியை முதன்முதலாக நிரப்பும்போதே குடம் அல்லது வாளிக் கணக்கு வைத்து, நீர்மட்டத்தைக் கண்ணாடியில் குறித்துவைத்தால் பிற்காலத்தில் ஊகிக்க வேண்டியதில்லை.

நோயைக் கண்டறிதல்

மீன் கூழாங்கல்லிலோ கண்ணாடியிலோ உடலை உரசுவது, துடுப்புகளை மடக்கிக்கொள்வது, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குவது, ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைப்பது, இரை தின்னாமல் ஒதுங்குவது ஆகியவை ஒட்டுண்ணிக்கான பொது அறிகுறிகள். ஆனால் அம்மோனியா மிகுந்த நீரிலும் மீன் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யும். ஆகவே மருந்தைத் தேடும் முன் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பார்ப்பது முதல் வேலை. சோதிக்க வழியில்லையெனில், குளோரின் நீக்கிய நீரைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கு மாற்றிவிட்டு சில மணி நேரம் கவனிக்கலாம். மீன்கள் தெளிந்தால் குற்றவாளி நீர்தான். நோயுற்ற தொட்டிகளில் கணிசமானவை இந்தப் படியிலேயே சரியாகிவிடுகின்றன.

உறுதியாக அறிய நுண்ணோக்கி வேண்டும். மீனின் பக்கவாட்டில் இருந்து கண்ணாடிச் சில்லால் மெதுவாக வழித்த கோழையை ஒரு துளித் தொட்டி நீரில் வைத்து, 40 முதல் 100 மடங்கு உருப்பெருக்கத்தில் உடனே பார்க்க வேண்டும். இறந்து நெடுநேரமான மீனில் ஒட்டுண்ணிகள் நீங்கிவிடுவதால், செத்த மீனை எடுத்துச் சென்று பயனில்லை. பொன்னேரியில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. குடும்பமாக வண்ணமீன் பெருக்குவோர், பெரிய அளவில் இறப்பு ஏற்படும்போது, உயிருள்ள மீனை அதே தொட்டி நீரில் காற்றடைத்த பையில் கொண்டுசென்று ஆலோசனை கேட்பது மருந்துக் கடையில் ஊகத்தின் பேரில் செலவிடுவதை விட மேலானது.

வெண்புள்ளி நோய்

வீட்டுத் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் ஒட்டுண்ணி நோய் இதுவே. உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் தோலின் மேலடுக்குக்கு அடியில் வாழும் ஒற்றைச்செல் உயிர். இக்தியோப்தீரியஸ் மல்டிபிலிஸ் என்னும் இதன் பெயரை 1876இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கே வழங்கினார். கடைக்காரர்கள் சுருக்கமாக 'இக்' என்பர். முதிர்ந்த செல் ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். நுண்ணோக்கியில் மெதுவாக உருளும் இதன் உள்ளே குதிரை லாட வடிவில் உட்கரு தெரியும். வேறெதனுடனும் இதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

இதன் வாழ்க்கை மூன்று நிலைகளைக் கொண்டது. முதலில் மீனின் தோலுக்கு அடியில் திசுவை உண்டு வளர்கிறது. முதிர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து அடியில் கூழாங்கல், செடி, கண்ணாடி எதிலாவது ஒட்டி உறை அமைத்துக்கொள்கிறது. உறைக்குள் மீண்டும் மீண்டும் பிரிந்து நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கும் மேல், இளரிகளை உண்டாக்குகிறது. உறை உடைந்து வெளிவரும் இளரிகள் நீந்திச் சென்று மீனைத் தேடுகின்றன. இரண்டு நாள்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடுகின்றன.

தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. உறைக்குள் இருக்கும்போதும் எட்டாது. நீந்தும் இளரியை மட்டுமே மருந்தால் கொல்ல முடியும். சிகிச்சையின் முதல் இரண்டு மூன்று நாள்களில் புள்ளிகள் குறையாததும், சில வேளை கூடுவதும் இதனால்தான். "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டி அடுத்த மருந்தையும் அதன் மேலேயே ஊற்றும் பிழை இந்த நாள்களில்தான் நிகழ்கிறது. மாறாக, புள்ளிகள் மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால், உதிர்ந்து அடியில் கிடக்கும் உறைகளிலிருந்து அடுத்த தலைமுறை புறப்பட்டு வரும். இரண்டாம் தாக்குதல் முதலாவதை விடக் கடுமையாக இருக்கும். செவுள்களில் இறங்கிவிட்டால் புள்ளி ஒன்றும் தெரியாமலே மீன் மூச்சுத்திணறி இறக்கும்.

சுழற்சியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 24 – 26 பாகை செல்சியசில் மூன்று முதல் ஆறு நாள்களில் ஒரு சுற்று முடியும். 30 பாகைக்கு மேல் இனப்பெருக்கம் பெரும்பாலும் தடைப்படுகிறது. மீஞ்சூர் போன்ற ஊர்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஹீட்டர் இல்லாத தொட்டியின் நீரே 30 பாகையைத் தாண்டிவிடுவதால் வெண்புள்ளி அப்போது குறைவு. ஐப்பசி மழை தொடங்கி மார்கழி, தை வரை இரவில் நீர் குளிர்ந்து பகலில் சூடேறும் காலமே இந்நோயின் பருவம். வெப்ப ஏற்றத்தாழ்வு மீனின் எதிர்ப்பாற்றலையும் குறைக்கிறது.

சிகிச்சை முறைகளில் எளியது வெப்பமும் உப்பும் சேர்ந்தது. ஹீட்டர் கொண்டு மணிக்கு ஒரு பாகைக்கு மிகாமல் நீரை 30 பாகைக்கு ஏற்றி, 10 முதல் 14 நாள்கள் அந்நிலையில் வைக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம்; மேற்சொன்ன 50 லிட்டர்த் தொட்டிக்கு 100 முதல் 150 கிராம் கல் உப்பு. அதை ஒரே தடவையில் கொட்டாமல், தொட்டி நீரிலேயே கரைத்து இரண்டு நாள்களில் மூன்று நான்கு பங்காகச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உவர்ந்த கிணற்று நீரானால் கீழ் அளவிலேயே நிறுத்துவது நல்லது. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்: 25 பாகையில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 பாகையில் 7.6 அளவே கரைகிறது. எனவே ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்தடை நேரும் ஊரில் மின்கலத்தில் இயங்கும் பம்ப் ஒன்றை வைத்திருப்பது உசிதம். கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன் ஆதலால் அதை நெடுநாள் 30 பாகையில் வைக்கக் கூடாது. அதற்கு உப்பும் நீர் மாற்றமும் போதும். வெப்பத்தைத் தாங்கும் இக் வகைகளும் உண்டு என்பதால் வெப்பத்தை மட்டுமே நம்புவது சரியன்று.

நாள்தோறும் கால் பங்கு நீரைக் கூழாங்கல்லின் அடியிலிருந்து குழாயால் உறிஞ்சி எடுப்பது மருந்துக்கு நிகரான பயன் தரும். உறைகள் படிந்திருப்பது அங்கேதான். வெளியேற்றிய நீருக்கு ஈடாக ஊற்றும் நீரிலும் அதே விகிதத்தில் உப்பு கரைந்திருக்க வேண்டும்.

மருந்தோ ஹீட்டரோ இல்லாமல் செய்யக்கூடிய முறையும் உண்டு. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை எடுத்துக்கொண்டு, மீன்களை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். உதிர்ந்த செல் உறை அமைத்துப் பிரிந்து இளரிகளை வெளிவிடும் முன்பே மீன் அங்கிருந்து போய்விடுகிறது. காலியான தொட்டியைக் கழுவி வெயிலில் முழுதாகக் காயவைத்த பின்பே மீண்டும் நிரப்ப வேண்டும். உலர்ந்தால் ஒட்டுண்ணி பிழைக்காது. ஒரு வாரம் இப்படிச் செய்தால் மீனின் உடலிலுள்ளவை எல்லாம் உதிர்ந்து தீரும். அதற்குள் மீன் இல்லாத மூலத் தொட்டியிலும் இளரிகள் பட்டினியில் மடிந்திருக்கும். எனினும் 10 நாள் கழித்து மீன்களை விடுவது பாதுகாப்பு. இது உழைப்பு மிகுந்த முறைதான். கப்பிக் குஞ்சுகள் நூறு வைத்திருப்பவருக்கு ஒத்துவராது. ஐந்தாறு மீன் வைத்திருப்பவருக்குச் செலவே இல்லை.

கடைகளில் விற்கும் பச்சை, நீல நிற நீர்மங்களில் பெரும்பாலும் மாலகைட் கிரீன், மெத்திலீன் புளூ, ஃபார்மலின் ஆகியவை தனித்தோ சேர்ந்தோ இருக்கும். மாலகைட் கிரீன் லிட்டருக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம் என்னும் மிகச் சிறிய அளவிலேயே இளரிகளைக் கொல்லும். செதில் இல்லாத மீன்களுக்கும் டெட்ராக்களுக்கும் பாதி அளவே இட வேண்டும். புற்றுநோய் ஐயம் காரணமாக உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் இதைத் தடை செய்துள்ளன. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும். புட்டியின் அடியில் வெண்படிவு தெரிந்தால் அது நஞ்சாகிவிட்டது, எறிந்துவிட வேண்டியதுதான். மெத்திலீன் புளூ, அம்மோனியாவைச் சிதைக்கும் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் அழிப்பதால், அதை முதன்மைத் தொட்டியில் ஊற்றாமல் தனித் தொட்டியிலேயே பயன்படுத்த வேண்டும். எந்த மருந்து இட்டாலும் ஃபில்டரிலுள்ள கரியை முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வெல்வெட் நோய்

பொன் தூள் தூவியது போன்ற மெல்லிய படலமாகத் தெரியும். இருட்டில் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்தால் நன்கு புலப்படும். இதை உண்டாக்கும் பிசினூடினியம் ஒளிச்சேர்க்கையும் செய்யவல்லது. ஆகவே தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. ஃபைட்டர் குஞ்சுகள் வெண்புள்ளியை விட இதில்தான் அதிகம் மடிகின்றன. உப்பும் வெப்பமும் ஓரளவு உதவும். காரத்தன்மை அளந்த நீரில் தாமிரம் சிறந்த மருந்து.

செவுள் புழு, தோல் புழு

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தட்டைப்புழுக்களில் இரண்டு வகைகள் முக்கியமானவை. கோல்டு ஃபிஷ், கோய் ஆகியவற்றின் செவுளில் வாழும் டாக்டைலோகைரஸ் முட்டையிடும். கப்பி போன்றவற்றின் தோலில் வாழும் கைரோடாக்டைலஸ் குட்டி போடும். தாயின் வயிற்றிலுள்ள குட்டிக்குள்ளேயே அடுத்த கரு உருவாகியிருப்பது இதன் விந்தை. நுண்ணோக்கியில் முன்னதற்கு நான்கு கண்புள்ளிகள் தெரியும். பின்னதற்குக் கண்புள்ளி இல்லை.

இந்த வேறுபாடு வெறும் புத்தக அறிவன்று. இரண்டுக்கும் மருந்து பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம். ஆனால் அம்மருந்து முட்டையைத் துளைப்பதில்லை. எனவே கப்பிக்கு ஒரு தடவை போதுமானதாக இருக்க, கோல்டு ஃபிஷுக்கு வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தர வேண்டியுள்ளது. நீரில் எளிதில் கரையாத மருந்தாதலால் முதலில் சிறிதளவு நீரில் நன்கு குலுக்கிக் கலக்கி ஊற்ற வேண்டும். நாய்களுக்கான குடற்புழு மாத்திரைகளில் பிராசிகுவாண்டலோடு வேறு மருந்துகளும் சேர்ந்திருப்பதால் அவற்றைப் பொடித்துப் போடுவது ஆபத்து.

மீன் பேனும் நங்கூரப் புழுவும்

இவ்விரண்டும் இறால், நண்டு இனத்தோடு உறவுடைய ஓட்டுடலிகள், கண்ணுக்கே தெரிபவை. ஆர்குலஸ் எனப்படும் மீன் பேன் தட்டையாக, ஒளி ஊடுருவும் பசுமை நிறத்தில் மீனின் மேல் ஊர்ந்து செல்லும். லெர்னியா எனப்படும் நங்கூரப் புழுவின் பெண், தலையை மீனின் தசைக்குள் கிளைத்த வேர் போல ஊன்றிக்கொண்டு, வெளியே நூல் போலத் தொங்கும்; நுனியில் இரண்டு முட்டைப் பைகள் இருக்கும். திறந்தவெளிச் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்ந்த கோய், கோல்டு ஃபிஷ் மூலமே இவை பெரும்பாலும் வருகின்றன.

ஒன்றிரண்டு இருந்தால் ஈரத்துணியில் மீனைப் பிடித்து, கவ்விடுக்கியால் எடுத்துவிடலாம். நங்கூரப் புழுவை நடுவில் பிடித்து இழுத்தால் தலை உள்ளேயே அறுந்து நின்று சீழ் பிடிக்கும். தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். காயத்தில் போவிடோன் அயோடின் தொட்டு வைத்து, செவுளில் படாமல் உடனே நீரில் விடலாம். மீன் பேன் மீனை விட்டு இறங்கிக் கண்ணாடியிலும் கல்லிலும் வரிசையாக முட்டையிடுவதால், தொட்டியை வடித்து உலர்த்துவது அவசியம்.

பயிர்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஓரிரு துளி விட்டுப் பேனைக் கொல்லும் பழக்கம் சில பண்ணைகளில் உள்ளது. பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மீனுக்கே கடும் நஞ்சு. இறாலும் நண்டும் அதைவிட நுண்ணிய அளவிலேயே இறந்துவிடும். வடிகால் வாய்க்கால்கள் வழியே ஆரணி ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து பழவேற்காடு ஏரிக்கும் நீர் செல்லும் நிலப்பகுதியில் இது அயலாரின் வலையில் கைவைக்கும் செயல். ஐவர்மெக்டினும் மீன்களுக்குப் பாதுகாப்பான மருந்தன்று.

குடல் ஒட்டுண்ணிகள்

மீனின் மலத்துளையிலிருந்து சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டு, மீன் அசையும்போது உள்ளே இழுபட்டால் அது கமலானஸ் உருளைப்புழு. கப்பி, ஏஞ்சல் ஆகியவற்றில் மிகுதி. துடுப்புக்காலி வழியாகப் பரவுவது இதன் இயல்பு என்றாலும், இடைநிலை உயிர் இன்றியே தொட்டிக்குள் மீனுக்கு மீன் பரவவும் வல்லது. ஒரு மீனில் கண்டால் முழுத் தொட்டிக்கும் மருந்து தர வேண்டும். கால்நடைகளுக்குத் தரப்படும் லெவமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில், தொட்டியை இருட்டாக்கி 24 மணி நேரம் வைத்தால் புழுக்கள் செயலிழந்து வெளியேறும். அவை இறப்பதில்லை, மயங்கியே விழுகின்றன. எனவே மறுநாள் அடியை உறிஞ்சிச் சுத்தம் செய்யாவிட்டால் மருந்திட்டதே வீண். இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை.

ஆஸ்கார், டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன் மீன்கள் இரையைத் துப்புவதும், வெள்ளை நூல் போல மலம் கழிப்பதும், தலையில் குழிகள் தோன்றுவதும் ஸ்பைரோநியூக்ளியஸ் என்னும் கசையிழை உயிரியைச் சுட்டும். மெட்ரோனிடசோல் இதற்கு மருந்து. 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை. மீன் இரை எடுக்குமானால் தீவனத்தில் கலந்து தருவது மேலும் பயனுடையது. தலைக்குழிக்கு ஊட்டக் குறைவும் மாசுபட்ட நீரும் காரணமாகலாம் என்பதால் மருந்து மட்டும் போதாது. உணவுக்கான மீன், இறால் வளர்ப்பில் இம்மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்பதை இறால் பண்ணைகள் மிகுந்த இப்பகுதியில் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏரி மீன்கள்

பழவேற்காடு ஏரியின் உப்பளவு ஒரே நிலையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் வந்து உப்பு குறையும். கோடையில் கடல்நீரையும் மிஞ்சும். இந்த ஏற்ற இறக்கத்தில் வாழப் பழகிய ஆரஞ்சு குரோமைடு, ஸ்காட் போன்ற கழிமுக மீன்களை மீனவச் சிற்றூர்களில் சிறுவர்கள் பிடித்து வளர்ப்பதுண்டு. கடைகளிலும் இவை நன்னீர் மீன் என்றே விற்கப்படுகின்றன. இவற்றின் உடலில் உள்ள கடல்சார் ஒட்டுண்ணிகளை, வெப்பநிலை சமன் செய்த நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைப்பதன் மூலம் பெரும்பாலும் நீக்கிவிடலாம். நீர் உட்புகுந்து அவை வெடித்துவிடும். நன்னீர் மீனுக்கு உப்புநீர்க் குளியல் எப்படியோ, அதன் மறுதலை இது.

ஆரஞ்சு குரோமைடு பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. கேரளத்தில் கரிமீன் எனப்படும் பச்சைக் குரோமைடின் உடலையும் துடுப்புகளையும் இது கொத்தித் தூய்மை செய்வதை 1970களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இரண்டு மீன்களும் பழவேற்காட்டில் வாழ்பவை. ஆனால் தொட்டியில் இதை மருத்துவராக நியமிக்க எண்ணுவோர், இதே மீன் கரிமீனின் முட்டைகளையும் தின்னும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

நாட்டு முறைகள்

காய்ந்த பாதாம் இலை, மஞ்சள், வேப்பிலை ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. நாட்டு வாதுமையின் இலையைப் பாதாம் இலை என்றே கடைகளில் விற்கின்றனர். அது நீரைத் தேநீர் நிறமாக்கி, அமிலத்தன்மையைச் சற்று கூட்டி, பூஞ்சையை ஓரளவு தடுக்கும். ஃபைட்டர் வளர்ப்போர் அதை விரும்புவதில் பொருள் உண்டு. வெண்புள்ளியையோ புழுவையோ அது குணப்படுத்தாது. வேம்பில் ஒட்டுடலிகளைத் தாக்கும் பொருள்கள் உள்ளன. ஆனால் கைப்பிடி இலையில் அவை எவ்வளவு உள்ளன என்று வீட்டில் அளக்க முடியாது; அளவு மிஞ்சினால் மீனும் சாகும்.

தனிமைத் தொட்டி

புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனியே வைத்துக் கவனிப்பது மேற்கூறிய எல்லா மருந்துகளையும் விட மலிவு. இதற்கு அலங்காரத் தொட்டி தேவையில்லை. 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, தனி வலை ஆகியவை போதும். கூழாங்கல் இட வேண்டாம். உறைகளும் முட்டைகளும் ஒளிய இடம் இருக்காது, மலத்தின் நிறமும் தெரியும். வாங்கி வந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் எடுத்துவிட வேண்டும். செடிகளை மீன் இல்லாத நீரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் வெண்புள்ளி உறைகள் பட்டினியில் அழியும். வெண்புள்ளியிலிருந்து பிழைத்த மீன்களுக்கு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. ஆயினும் அவற்றுள் சில, வெளியே தெரியாமல் ஒட்டுண்ணியைத் தாங்கியிருக்கும். பழைய மீன்கள் நலமாயிருக்கப் புதிய மீன் மட்டும் நோயுறுவது இதனால் நிகழ்வது.

மருந்து கலந்த நீரும் இறந்த மீனும்

சிகிச்சை முடிந்ததும் புதிய கரியை ஃபில்டரில் இட்டு ஓரிரு நாள் ஓடவிட்டால் சாய மருந்துகளும் பிராசிகுவாண்டலும் பெருமளவு நீங்கும். உப்பு கரியில் நீங்காது, நீர் மாற்றத்தால் மட்டுமே குறையும். மருந்து நீரைக் குளம், வாய்க்கால், கிணற்றருகில் கொட்டாமல் கழிவுநீர்த் தொட்டியில் சேர்ப்பது முறை. தாமிரம் கலந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றக் கூடாது.

நோயுற்ற மீனையோ, பெரிதாகி வளர்க்க முடியாத மீனையோ அருகிலுள்ள ஏரியில் விடுவது இரக்கச் செயலாகக் கருதப்படுகிறது. தொட்டி துப்புரவாளர் என்ற பெயரில் விற்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளிறு இப்படி வெளியேறி, சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளில் சிக்கி அவற்றைக் கிழிக்கிறது. அதோடு சென்ற ஒட்டுண்ணிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஏரியின் உவர்நீர் நன்னீர் ஒட்டுண்ணிகளில் பலவற்றைத் தடுத்துவிடும். ஆனால் அதைச் சுற்றியுள்ள பாசன ஏரிகளுக்கும் கெண்டை வளர்ப்புக் குளங்களுக்கும் அந்தக் காப்பு இல்லை. இறந்த மீனை மண்ணில் ஒரு முழ ஆழத்தில் புதைக்கலாம். வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பித் தரலாம். கொளத்தூரில் பல கடைகள் விலை தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்கின்றன.